உதய் பிரகாஷை இனி எப்படி வாசிப்பது?

பழையபேட்டை வாசகன்:

இந்தி எழுத்தாளர் உதய் பிரகாஷின் 'மோகன்தாஸ்' குறுநாவலை ஜேசன் குரூன்பாமின் ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்தேன். 'தில்லியின் சுவர்கள்' என்ற தொகுப்பில் இருக்கும் மூன்று நெடுங்கதைகளில் அது ஒன்று. வாசித்து முடித்ததும் இவரைப் பற்றித் தேடினேன். கதைகளைப் பற்றிய பேச்சு குறைவு. சண்டைகள்தான் முதலில் வந்து நிற்கின்றன.

2009இல் கோரக்பூரில் யோகி ஆதித்யநாத்தின் கையால் ஒரு விருது வாங்கியிருக்கிறார். 2015இல் கன்னட ஆய்வாளர் கல்புர்கி கொலையைக் கண்டித்துச் சாகித்ய அகாதெமி விருதைத் திருப்பித் தருவதாக அறிவித்த முதல் ஆளும் இவரே. 2021இல் அயோத்தி ராமர் கோயில் கட்டுமானத்துக்கு 5,400 ரூபாய் நன்கொடை கொடுத்துவிட்டு அந்த ரசீதைப் பேஸ்புக்கில் போட்டிருக்கிறார். மூன்றையும் செய்தவர் ஒரே மனிதர்.

நண்பர் ஒருவர், "இந்த ஆளை விட்டுத் தள்ளு" என்கிறார். எனக்கு விட மனமில்லை. இந்தியில் வாசித்தவர்கள் இங்கே இருப்பீர்கள். இவரை எங்கே வைப்பது? அடுத்து எதை வாசிப்பது?

யமுனைக்கரை:

தில்லியிலேயே காலம் தள்ளிவிட்டவன், இவரை இந்தியிலேயே வாசித்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

ஆளை அவருடைய ஊரோடு சேர்த்துப் பாருங்கள். மத்தியப் பிரதேசத்தின் கிழக்கு ஓரத்தில், சத்தீஸ்கரை ஒட்டி அனூப்பூர் மாவட்டம் இருக்கிறது. நர்மதை பிறக்கும் அமர்கண்டக் அந்த மாவட்டத்தில்தான். காடு, மலை, கோண்டு பழங்குடிகள், நடுவே நிலக்கரிச் சுரங்கங்கள். அங்கே சீதாப்பூர் என்ற கிராமத்தில் 1950-களின் தொடக்கத்தில் ஒரு நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்தார். சாகர் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுத் தில்லிக்கு வந்தார். ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் அதன் இம்பால் மையத்திலும் பாடம் நடத்தினார். போபாலில் மாநில அரசின் பண்பாட்டுத் துறையில் கொஞ்ச காலம், பிறகு 'தினமான்' வார இதழ், அதன் பிறகு தொலைக்காட்சி, ஆவணப்படம் என்று கிடைத்ததைச் செய்தார். எந்த நாற்காலியிலும் நிலையாக உட்காரவில்லை. இந்தி இலக்கிய உலகத்தில் பேராசிரியர் நாற்காலி எவ்வளவு பெரிய விஷயம் என்பது தெரிந்தவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும்.

முதலில் பெயர் வாங்கியது கவிஞராக. 'திபெத்' என்ற கவிதைக்கு 1980இல் பாரத் பூஷண் அகர்வால் விருது கிடைத்தது. திபெத்திலிருந்து வந்து தெருவில் திரியும் லாமாக்களைப் பார்த்து ஒரு சிறுவன் தன் அப்பாவிடம் கேள்வி மேல் கேள்வி கேட்பான். லாமாக்களும் நம்மைப் போலத்தான் அழுவார்களா என்ற கேள்விக்கு அப்பாவிடம் பதில் இருக்காது.

நீங்கள் அடுத்து வாசிக்க வேண்டியது 'திரிச்' என்ற சிறுகதை. கிராமத்தில் இருக்கும் அப்பாவைத் திரிச் என்ற விஷப்பல்லி கடித்துவிடுகிறது. மறுநாள் வீட்டு வழக்கு விஷயமாக அவர் நகரத்து நீதிமன்றத்துக்குப் போயாக வேண்டும். வழியில் வைத்தியம் தெரிந்த ஒருவர் விஷமுறிவுக்கு என்று ஊமத்தை விதைக் கஷாயம் கொடுக்கிறார். நகரத்தில் இறங்கும்போது அப்பாவுக்குத் தலை கிறங்குகிறது, நா வறள்கிறது. தெரிந்தவர் இருப்பார் என்று ஒரு வங்கிக்குள் நுழைகிறார். காசாளர் கொள்ளைக்காரன் என்று பயந்துபோகிறார். அடி விழுகிறது. அடுத்து போலீஸ் நிலையம், அங்கிருந்தும் விரட்டு. கிழிந்த உடையோடு ஒரு குடியிருப்புக்குள் போனவரைப் பைத்தியம் என்று பையன்கள் கல்லால் அடிக்கிறார்கள். சாயங்காலம் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளியின் கடையில் உயிர் போகிறது.

இதைச் சொல்பவன் மகன். அவன் அழவில்லை. எத்தனை மணிக்கு எங்கே இருந்தார், யார் பார்த்தார்கள், எந்தச் சாட்சி எதைச் சொன்னார் என்று பிரேத விசாரணை அறிக்கை எழுதுவதைப் போல அடுக்கிக்கொண்டே போகிறான். தெரியாத இடத்தில் தெரியாது என்கிறான். அந்த அறிக்கை நடைதான் கதையைத் தூக்கி நிறுத்துகிறது. கொன்றது பல்லியா, ஊமத்தையா, நகரமா? மகன் தீர்ப்பு எழுதாமல் கணக்கை மட்டும் வைக்கிறான்.

மல்லிகா ரா:

அப்படி ஒரு பல்லி உண்மையில் இருக்கிறதா ஐயா? கதைக்காகக் கட்டியதா?

யமுனைக்கரை:

நம்பிக்கை உண்மை, விஷம் பொய் அம்மா. வட இந்தியக் கிராமங்களில் உடும்புக் குஞ்சைக் கொடிய விஷப்பிராணி என்று இன்றைக்கும் அடித்துக் கொல்கிறார்கள். 'பிஸ்கோப்ரா' என்று சொல்வார்கள். நம் ஊர் உடும்பு கடித்துப் பொதுவாக ஆள் சாவதில்லை. கதையில் நம்பிக்கையின் விவரங்கள் அபாரமாக வரும். அதன் கண்ணைப் பார்க்காதவரை திரிச் ஒன்றும் செய்யாது. கடித்த கையோடு சிறுநீர் கழித்து அதில் புரளும், புரண்டுவிட்டால் கடிபட்டவன் பிழைக்க மாட்டான். அடித்துப் போட்டாலும் நிலவொளி பட்டால் உயிர்த்துவிடும் என்பதால் எரித்துவிட வேண்டும். மகனும் அவன் நண்பனும் காட்டுக்குப் போய் அதைத் தேடி எரிக்கும் இடத்தைப் படித்துப் பாருங்கள்.

கரித்துகள்:

நான் இலக்கியக்காரன் இல்லை. மத்திய இந்தியாவின் நிலக்கரிப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். 'மோகன்தாஸ்' பற்றி மட்டும் என்னால் ஒரு விஷயம் சொல்ல முடியும்.

வாசிக்காதவர்களுக்காக: மூங்கில் முடையும் சாதியைச் சேர்ந்த கபீர்பந்தி, அதாவது கபீர்தாசரின் வழி நடக்கும், இளைஞன் மோகன்தாஸ். அவன் சாதியில் பி.ஏ. முடித்த முதல் ஆள். சுரங்க வேலைக்கு நேர்காணலில் தேறிவிடுகிறான். சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு, கடிதம் வரும் என்று அனுப்பிவிடுகிறார்கள். கடிதம் வரவே இல்லை. பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிகிறது: பக்கத்து ஊர் பிராமணப் பையன் பிஸ்நாத் அதே வேலையில், மோகன்தாஸ் என்ற பெயரிலேயே, சம்பளமும் குவார்ட்டர்ஸும் வாங்கிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறான். குடியிருப்பில் எல்லோரும் அவனைத்தான் மோகன்தாஸ் என்று கூப்பிடுகிறார்கள். அந்தக் குடியிருப்பின் பெயர் லெனின் நகர்!

இதை மாய யதார்த்தம், கற்பனை என்று விமர்சகர்கள் எழுதுவதைப் படித்து எனக்குச் சிரிப்பு வந்தது. நிலம் எடுக்கப்பட்ட குடும்பத்துக்கு வேலை என்று ஒரு ஏற்பாடு அந்தப் பகுதியில் உண்டு. நிலத்துக்காரன் எழுதப் படிக்கத் தெரியாதவன். அவன் 'மருமகன்', 'தம்பி மகன்' என்று சொல்லிக்கொண்டு யாரோ ஒருவன் வேலைக்கு வந்து நிற்பான். பழைய பதிவேட்டில் கைநாட்டு மட்டும் இருக்கும், சில பக்கங்களில் போட்டோ உதிர்ந்து பசைத் தடம் மட்டும் இருக்கும். ஓய்வுபெறும் வயது நெருங்கும்போது பிறந்த தேதி வழக்கு வரும். புகார் வந்தால் விசாரணை நடக்கும். விசாரணைக்கு வரும் அதிகாரிக்கு யார் வீட்டில் சாப்பாடு என்பதிலேயே முடிவு தெரிந்துவிடும். உதய் பிரகாஷ் அந்த விருந்தையும் எழுதியிருக்கிறார். ஊர்க்காரர் என்பதால் எழுத முடிந்தது.

என்னை உலுக்கியது கதையின் முடிவு. அடி உதை, வழக்கு, சிறை எல்லாம் பார்த்து ஓய்ந்துபோன மோகன்தாஸ், தான் மோகன்தாஸே இல்லை என்று எந்த நீதிமன்றத்திலும் எழுதிக் கொடுக்கத் தயார், விட்டுவிடுங்கள் என்று கெஞ்சுகிறான். தன் பெயரை மீட்கப் போராடிய மனிதன் அந்தப் பெயரிலிருந்து தப்பித்தால் போதும் என்று ஆகிவிடுகிறான். அலுவலகத்தில் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்ற ஒருவர், "சார், மனுவைத் திருப்பிக் கொடுங்கள், எனக்கு வேலை வேண்டாம்" என்று கேட்டது நினைவுக்கு வந்தது. யார் மிரட்டினார்கள் என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

முள்முருங்கை:

எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதால் மறுபக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

'மோகன்தாஸ்' எனக்கு அளவுக்கு மீறித் திட்டமிட்ட கதையாகத் தெரிந்தது. நாயகன் மோகன்தாஸ், மனைவி கஸ்தூரி, அம்மா புத்லிபாய், அப்பா காபாதாஸ், மகன் தேவதாஸ். காந்தி குடும்பம் அப்படியே வந்து நிற்கிறது. போதாதென்று நியாயம் செய்ய வரும் நீதிபதியின் பெயர் கஜானன் மாதவ் முக்திபோத், உதவுகிறவர்கள் ஷம்ஷேர் பகதூர் சிங், ஹரிசங்கர் பர்சாய். மூவரும் இந்தியின் பெரிய எழுத்தாளர்கள். நீதிபதி பீடி வேறு பிடிக்கிறார், அசல் முக்திபோத்தின் புகைப்படத்தில் இருப்பது போலவே! வாசகனின் விலாவில் முழங்கையால் இடித்துக்கொண்டே கதை சொன்னால் எப்படி? நடுநடுவே கதைசொல்லி வேறு எட்டிப்பார்த்து, இது பிரேம்சந்த் காலத்துக் கதை என்று நினைத்துவிடாதீர்கள் என்று உலக அரசியலை ஒரு பத்தி வாசிக்கிறார். கதை தன் காலில் நடக்காதா?

இன்னொன்று. எல்லோரும் அடிபடுகிறார்கள், அடிபட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மோகன்தாஸுக்கு ஒரு நாளாவது கோபம் வந்து கை ஓங்கக் கூடாதா? நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்த எழுத்தாளர் தலித் வாழ்க்கையை எழுதும்போது கண்ணீர்தான் அதிகம் வருகிறது. தலித் எழுத்தாளர் ஓம்பிரகாஷ் வால்மீகியின் தன்வரலாற்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதில் இருக்கும் முறுக்கு இதில் இல்லை.

அரசியலையும் ஒதுக்க முடியாது. கோரக்பூர் மேடையில் கை நீட்டியவர் வகுப்புவாதத்தை எதிர்த்து விருதைத் திருப்பினார் என்றால், எந்தக் கையை நம்புவது?

கோமதி:

முள்முருங்கை அவர்களே, பெயர்களைப் பற்றி நீங்கள் சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம். ஆனால் அந்த முக்திபோத் விஷயத்தை நான் வேறு மாதிரி வாசித்தேன். முக்திபோத் அதே பிரதேசத்தில், ராஜ்நாந்த்காவ்ன் என்ற ஊரில் கல்லூரி ஆசிரியராக இருந்து, 1964இல் 46 வயதில் இறந்தவர். முதல் கவிதைத் தொகுப்பு கையில் கிடைக்கும் முன்பே போய்விட்டார். உயிரோடு இருந்தபோது அவரால் எந்தத் தீர்ப்பையும் எழுத முடியவில்லை. அவரை நீதிபதி ஆசனத்தில் உட்கார வைத்துப் பார்க்கிறார் உதய் பிரகாஷ். உட்கார வைத்தும் மோகன்தாஸ் தப்பவில்லை. இந்தி இலக்கியம் முழுவதும் ஒருவனுக்காகக் கிளம்பி வந்தாலும் ஒரு சுரங்க வேலையை மீட்டுத் தர முடியாது என்பதுதானே அதன் கசப்பு?

உலக அரசியல் பத்திகள் எனக்கும் இடைஞ்சல்தான். அவற்றைத் தாண்டிப் போய்விடலாம்.

யமுனைக்கரை:

அரசியல் கேள்விக்கு வருகிறேன். ஆளாளுக்குப் பாதிச் செய்தியை வைத்துக்கொண்டு பேசுவதால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

2009 ஜூலை. கோரக்பூரில் நரேந்திர பிரதாப் சிங் நினைவு விருது. அந்த நரேந்திர பிரதாப் இவருக்கு ஒன்றுவிட்ட சகோதர உறவு. மேடையில் விருதைக் கொடுத்தவர் அன்றைய கோரக்பூர் நாடாளுமன்ற உறுப்பினர் ஆதித்யநாத். படம் வெளியானதும் இந்தி எழுத்தாளர்கள் பலர் கையெழுத்திட்டுக் கண்டன அறிக்கை வெளியிட்டார்கள். இவர் 'குடும்ப நிகழ்ச்சி' என்று விளக்கம் சொன்னார். 2000-களின் பிற்பகுதியில் இந்தியில் வலைப்பதிவுகள் பெருகிய நேரம் அது. இவரும் பதிவு எழுதிக்கொண்டிருந்தார். சண்டை முழுவதும் அங்கேதான் நடந்தது. இதழாசிரியர் வெட்டித் திருத்தும் வசதி இல்லாத இடம் என்பதால் இரு தரப்பும் வாய்க்கு வந்ததை எழுதின. இவர் தன்னை எதிர்த்தவர்களின் சாதியை எடுத்துப் பேசினார், அவர்கள் இவருடைய சாதியை எடுத்தார்கள். ஒருவருக்கும் பெருமை சேர்க்காத அத்தியாயம்.

அடுத்த ஆண்டே, 2010இல், 'மோகன்தாஸ்' நூலுக்குச் சாகித்ய அகாதெமி விருது.

2015 ஆகஸ்ட் 30. தார்வாடில் எம்.எம். கல்புர்கி தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். கன்னடத்தில் 'வசனம்' எனப்படும் பக்திப் பாடல்களின் ஆய்வாளர், அவரும் அகாதெமி விருது பெற்றவர். செப்டம்பர் முதல் வாரத்தில் உதய் பிரகாஷ் தன் விருதைத் திருப்பித் தருவதாகப் பேஸ்புக்கில் அறிவித்தார். கூட யாரும் இல்லை. ஒரு மாதம் கழித்து, உத்தரப் பிரதேசம் தாத்ரியில் மாட்டிறைச்சி வதந்தியால் முகமது அக்லாக் கொல்லப்பட்ட பிறகு, அக்டோபரில் எழுத்தாளர்கள் நயன்தாரா சேகல், அசோக் வாஜ்பேயி என்று வரிசை தொடங்கியது. அக்டோபர் 23இல்தான் அகாதெமி செயற்குழு கூடிக் கொலையைக் கண்டித்தது, விருதுகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி எழுத்தாளர்களைக் கேட்டுக்கொண்டது.

எல்லோரும் செய்யும்போது சேர்ந்து செய்வது வேறு. அந்த ஒரு மாதத்தில் இவர் தனியாக நின்றார். அதற்கு உரிய மதிப்பைக் கொடுக்காமல் 2009ஐயும் 2021ஐயும் மட்டும் எடுத்து வைப்பது நியாயமாகப் படவில்லை.

முள்முருங்கை:

தனியாக நின்றார், ஒப்புக்கொள்கிறேன். பிறகு 2021இல் ரசீதை ஏன் ஊருக்குக் காட்ட வேண்டும்? கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாமே. வீட்டுக்கு வசூலுக்கு வந்தவர்களிடம் கிராமத்தில் ஒருவர் மறுக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். கருத்து கருத்தாகவே இருக்கிறது என்கிற பொருளில் ஒரு வரி வேறு எழுதி, போட்டோ எடுத்துப் போட்டது, திட்டு வாங்க வேண்டும் என்று ஆசைப்பட்டுச் செய்த காரியம் போலத்தான் தெரிகிறது.

கோமதி:

அந்த ஆசை அவர் கதைகளிலேயே இருக்கிறது. யாரும் இன்னும் 'ஔர் அந்த் மேன் பிரார்த்தனா' பற்றிப் பேசவில்லை என்பது ஆச்சரியம். 'கடைசியில் பிரார்த்தனை' என்று வைத்துக்கொள்ளலாம்.

அதன் நாயகன் டாக்டர் வாகன்கர் ஆர்.எஸ்.எஸ். ஊழியர். இளவயது முதல் ஷாகா என்ற அமைப்பின் அன்றாடக் கூட்டத்துக்குப் போனவர், கொள்கையில் உண்மையான பிடிப்பு உள்ளவர். அதே நேரம் லஞ்சம் வாங்காத அரசு மருத்துவர். நேர்மையாக இருப்பதாலேயே ஊர் ஊராக மாற்றப்படுகிறார். கடைசியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்த ஒருவரின் பிரேதப் பரிசோதனை அறிக்கையை மாற்றி எழுதச் சொல்கிறார்கள். அவர் மறுக்கிறார். தான் நம்பிய அமைப்பைச் சேர்ந்தவர்களும் தன்னைக் கைவிடுவதைப் பார்க்கிறார்.

முற்போக்கு முகாமில் இருந்துகொண்டு இப்படி ஒரு நாயகனை எழுதினார். இடதுசாரிகளுக்கு ஆர்.எஸ்.எஸ். காரன் எப்படி நல்லவனாக இருக்கலாம் என்று கோபம் வரும். வலதுசாரிகளுக்கு அமைப்பு எப்படிக் கைவிடலாம் என்று கோபம் வரும். எனக்கு அவர் எழுதியதிலேயே இதுதான் உயர்ந்தது. வாகன்கர் தன் நம்பிக்கையையும் தன் கண்ணால் பார்ப்பதையும் ஒன்றோடு ஒன்று பொருத்த முடியாமல் இரவில் விழித்துக் கிடக்கும் பக்கங்களில் கேலி துளியும் இல்லை. ஒரு மனிதனின் கட்சியை எடுத்துவிட்டு மீதியைப் பார்க்கத் தெரிந்தவர்தான் அதை எழுத முடியும். அதே பழக்கம் மேடையில் யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்காமல் விருது வாங்கவும் வைத்திருக்கும். கதைக்குள் அது பலம், வெளியே அது ஆபத்து. இரண்டையும் தனித்தனியாக வெட்டி எடுக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை.

இரவுப்பறவை:

அருமையாகச் சொன்னீர்கள் கோமதி அக்கா. நான் தில்லியில் இந்தி முதுகலை படித்தவள். எங்கள் வகுப்பில் இவர் பெயரைச் சொன்னாலே சில ஆசிரியர்களுக்கு முகம் சுருங்கும். காரணம் 'பீலி சத்ரி வாலி லட்கி', அதாவது மஞ்சள் குடைக்காரப் பெண். முதலில் 'ஹன்ஸ்' இதழில் வந்தது. 1930இல் பிரேம்சந்த் தொடங்கி, நின்றுபோய், 1986இல் ராஜேந்திர யாதவ் உயிர்ப்பித்த இதழ்.

ராகுல் என்ற மாணவன் ஒரு பெண்ணுக்காக அறிவியல் பக்கத்தை விட்டு இந்தித் துறையில் போய்ச் சேருகிறான். அவள் அஞ்சலி ஜோஷி, மந்திரியின் மகள், பிராமணப் பெண். மேலோட்டமாகக் காதல் கதை. உள்ளே போனால் துறை முழுக்க ஒரே சாதி ஆசிரியர்கள், அவர்களின் மைத்துனர்கள், அவர்களின் சீடர்கள். நியமனம் முதல் மதிப்பெண்வரை எல்லாம் உறவு வழியில். எங்கள் துறையில் அது புத்தகமாகச் சுற்றாமல் நகலாகச் சுற்றியது, பாடத்திட்டத்தில் இல்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் எனக்கு நினைவில் தங்கியது காதலும் இல்லை, துறையும் இல்லை. சாபம் என்ற மணிப்பூர் மாணவன். விடுதியில் ரவுடிகள் அவனை அடித்து அவமானப்படுத்துகிறார்கள். ஊரில் அவன் அண்ணன் சுட்டுக் கொல்லப்படுகிறான். இங்கேயும் இடமில்லை, அங்கேயும் இடமில்லை என்று ஆகி அவன் கிணற்றில் விழுந்து செத்துப்போகிறான். கதையில் அவனுக்கு ஒதுக்கிய பக்கங்கள் குறைவு. ஆனால் வடகிழக்கு மாணவனை இந்திக் கதைக்குள் இவ்வளவு நெருக்கமாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இம்பாலில் பாடம் நடத்திய அனுபவம் அதற்குள் இருக்க வேண்டும்.

குறையும் சொல்கிறேன். அஞ்சலி கடைசிவரை ஒரு குடையாகவே இருந்துவிடுகிறாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எழுத்தாளருக்கு அக்கறை இல்லை.

தென்கரை:

கரித்துகள் ஐயா சொன்னதோடு ஒரு நிஜக் கதை சேர்க்கிறேன். உத்தரப் பிரதேசம் ஆஜம்கர் மாவட்டத்தில் லால் பிகாரி என்பவர் 1970-களில் கடன் வாங்குவதற்காகத் தாசில் அலுவலகத்துக்குப் போனபோது, பதிவேட்டின்படி தான் இறந்துவிட்டதாகத் தெரிந்துகொண்டார். நிலத்துக்காக உறவினர்கள் எழுதிவைத்த மரணம். 1994இல்தான் அரசு அவரை மறுபடி உயிரோடு சேர்த்தது. அதற்குள் அவர் தன் பெயருக்குப் பின்னால் 'மிருதக்', அதாவது இறந்தவர், என்று சேர்த்துக்கொண்டார். இறந்தவர்கள் சங்கம் தொடங்கினார். தேர்தலில் நின்றார். கைது செய்தாலாவது உயிரோடு இருப்பதற்கு ஆவணம் கிடைக்கும் என்று முயன்றார். இப்படிப் பட்டவர்கள் அந்த மாநிலத்தில் ஏராளம்.

உதய் பிரகாஷ் கதைகளை அடுக்கிப் பார்த்தால் காகிதம்தான் வில்லன். மோகன்தாஸின் சான்றிதழ், வாகன்கரின் பிரேதப் பரிசோதனை அறிக்கை, 'திரிச்' அப்பாவை நகரத்துக்கு இழுத்துவந்த நீதிமன்ற வழக்கு. எல்லாவற்றிலும் எதிரே நிற்கும் மனிதனைவிடக் காகிதத்தில் இருப்பவன்தான் உண்மையானவன். அப்படிப்பட்டவரை நாம் ஒரு புகைப்படம், ஒரு ரசீது என்று இரண்டு காகிதங்களை வைத்து முடிவு செய்யப் பார்க்கிறோம்.

முள்முருங்கை:

கேட்க நன்றாக இருக்கிறது தென்கரை, ஆனால் பொருந்தவில்லை. மோகன்தாஸின் காகிதத்தைத் திருடினார்கள். இவர் ரசீதைத் தானே வாங்கித் தானே காட்டினார். அதிகாரமில்லாதவன் மேல் விழும் காகிதமும் புகழ்பெற்ற எழுத்தாளர் மனமறிந்து வெளியிடும் காகிதமும் ஒன்றாகாது. கேட்டால் கோபப்பட வேண்டாம், பதில் சொன்னால் போதும்.

தென்கரை:

சரி, அந்த வேறுபாடு இருக்கிறது. கேள்வி கேட்க உரிமை இல்லை என்று நான் சொல்லவில்லை. 'மோகன்தாஸ்' வாசிப்பதை அதற்காக நிறுத்த வேண்டுமா என்பதே என் கேள்வி.

முள்முருங்கை:

நிறுத்தச் சொன்னது பழையபேட்டையின் நண்பர், நான் இல்லை. நான் முழுவதையும் வாசித்துவிட்டுத்தான் சண்டை போடுகிறேன்.

நெறியாளர்:

கோயில் வழக்கு, தேர்தல், இன்றைய கட்சிகள் பற்றி வந்த பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே எழுத்தாளரைப் பற்றி மட்டும்.

மல்லிகா ரா:

இவ்வளவு இருட்டாகத்தான் எழுதுவாரா? சிரிக்க எதுவும் இல்லையா?

யமுனைக்கரை:

நிறைய இருக்கிறது அம்மா. 'பால் கோம்ராவின் ஸ்கூட்டர்' வாசியுங்கள். ராம் கோபால் சக்சேனா என்ற இந்திக் கவிஞர், தில்லியில் பத்திரிகை வேலை. சந்தைப் பொருளாதாரம் வந்த 1990-கள். தன் பெயர் பழசாகிவிட்டது என்று தோன்ற, அதை வெட்டித் திருப்பிப் போட்டு 'பால் கோம்ரா' ஆக்கிக்கொள்கிறார். காலத்தோடு ஓட ஒரு ஸ்கூட்டரும் வாங்குகிறார். ஓட்டத் தெரியாது. வண்டி வாசலில் நிற்கிறது, தூசி படிகிறது, இவர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறார். இந்தி எழுத்தாளனின் நிலையை இவ்வளவு கிண்டலாக எழுதியவர் தன்னையும் அதில் விட்டுவைக்கவில்லை. கடைசியில் சிரிப்பு நின்றுவிடும், அதை இப்போது சொல்ல மாட்டேன்.

'தில்லியின் சுவர்கள்' தொகுப்பின் தலைப்புக் கதையும் அப்படித்தான். துப்புரவுத் தொழிலாளி ராம்நிவாஸ், சாகேத்தில் ஒரு உடற்பயிற்சிக் கூடத்தின் சுவருக்குள் ஒளித்துவைத்த கட்டுக் கட்டான பணத்தைக் கண்டுபிடிக்கிறான். கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் செலவு செய்கிறான். முதலில் வாங்கும் சட்டை, முதலில் சாப்பிடும் ஓட்டல் இதெல்லாம் படிக்கும்போது நமக்கும் சந்தோஷமாகவே இருக்கும். கறுப்புப் பணம் யாருடையது என்ற கேள்வி மெல்லத்தான் வருகிறது. இந்தத் தொகுப்பு 2013இல் தெற்காசிய இலக்கியத்துக்கான டி.எஸ்.சி. பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது.

கரித்துகள்:

'மோகன்தாஸ்' படமாகவும் வந்தது. மஜ்ஹர் கம்ரான் இயக்கம், 2009. திரைக்கதை உதய் பிரகாஷே எழுதியது. திரையரங்கில் வந்த சுவடே தெரியாமல் போய்விட்டது. சுரங்கக் குடியிருப்பை நன்றாக எடுத்திருக்கிறார்கள்: தகரக் கூரை, கரி படிந்த துணிக்கொடி, குவார்ட்டர்ஸ் கதவில் பெயிண்டால் எழுதிய பெயர். ஆனால் படத்தில் ஒரு தொலைக்காட்சி நிருபர் பெண் வந்து உண்மையைத் தேடுகிறார், அது புத்தகத்தின் இறுக்கத்தைத் தளர்த்திவிட்டது.

பழையபேட்டை வாசகன்:

எல்லோருக்கும் நன்றி. நண்பருக்கு இந்த இழையின் இணைப்பை அனுப்பினேன். முள்முருங்கையின் பதிவுகளை மட்டும் படித்துவிட்டு, "நான் சொன்னேன் பார்" என்று பதில் வந்தது. முழுவதும் படிக்கச் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு வாகன்கர் கதைதான் முதலில் வேண்டும் போலிருக்கிறது. இந்தி எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும், வேகம் இல்லை. ஆங்கிலத்தில் எந்தத் தொகுப்பில் இருக்கிறது? 'திரிச்' கிடைக்குமா?

இரவுப்பறவை:

ராபர்ட் ஹூக்ஸ்டெட் என்பவர் சில கதைகளைத் தனித் தொகுப்பாக ஆங்கிலத்தில் கொண்டுவந்திருக்கிறார், பல்கலைக்கழக நூலகங்களில் தேடிப் பாருங்கள். 'திரிச்' இந்தியில் வாசிப்பதற்கு நீங்கள் பயப்பட வேண்டாம். அறிக்கை நடை என்பதால் வாக்கியங்கள் சின்னச் சின்னவை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாலையில் முடித்துவிடலாம். மஞ்சள் குடைக்கு மட்டும் அவசரப்படாதீர்கள், அதில் பல்கலைக்கழக வட்டார வசவுகள் அதிகம்.

முள்முருங்கை:

'மங்கோசில்' விட்டுப்போயிற்று. அதே ஆங்கிலத் தொகுப்பின் மூன்றாவது கதை. தில்லியின் ஜஹாங்கீர்புரி, நோயால் தலை பெருத்துக்கொண்டே போகும் ஒரு குழந்தை, அதற்கு வயதுக்கு மீறிய அறிவு. எனக்கு அவரிடம் பிடித்த கதை அதுதான், அதைச் சொல்லாமல் போனால் என்னை வெறும் எதிரி என்று நினைத்துவிடுவீர்கள். பழையபேட்டை, புத்தகம்தான் உங்கள் கையிலேயே இருக்கிறதே, முதலில் அதை முடியுங்கள். அதில் கதைசொல்லி எத்தனை இடத்தில் குறுக்கே வருகிறார் என்று குறித்துக்கொண்டு வாருங்கள், கோமதி சொன்னதைப் போலத் தாண்டிப் போக முடிகிறதா என்று பார்க்கலாம்.